உப்புக்கறி கணையத்த எரிக்காது

நம்ம காரைக்குடி பக்கத்து வாட்ஸ்அப் குரூப்புல எல்லாம் ஒரு மெசேஜ் சுத்துது, உப்புக்கறியில போடுற வரமிளகாயும் கோழி வறுவல்ல போடுற மிளகும்தான் கணையத்த (இரைப்பைக்குப் பின்னால இருந்து செரிமான நீரு சுரக்குற உறுப்பு) எரிச்சு கணைய அழற்சி, அதாவது கணைய வீக்கம், வர வைக்குதாம், சீரகத்தண்ணி குடிச்சா சரியாயிடுமாம். ரெண்டுமே தப்பு.

பெரும்பாலும் கணைய அழற்சி வர்றதுக்குக் காரணம் ரெண்டுதான், பித்தப்பைக் கல்லு, இல்லன்னா குடி. பித்தப்பையில இருக்குற சின்னக் கல்லு நழுவி வந்து பித்தநாளமும் கணையநாளமும் சேர்ற வாய்ல அடைச்சுக்கும், அப்ப கணையத்தோட செரிமான நீரு உள்ளயே வேலையக் காட்டி கணையத்தையே அரிக்க ஆரம்பிச்சிரும். இதுல மிளகாய்க்கு என்ன ஜோலி? ரத்தத்துல ட்ரைகிளிசரைடுங்கிற கொழுப்பு டெசிலிட்டருக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல எகிறினாலும் வரும், சில மாத்திரையாலயும் வரும், சிகரெட்டும் ரிஸ்க்க ஏத்தும். விருந்துல எண்ணெய் மிதக்குற கறி தின்னுட்டு வலி வந்தா மசாலாவத் திட்டுறோம், ஸ்கேன் எடுத்தா பல பேருக்கு கல்லு இருக்கும். (காரம் சிலருக்கு நெஞ்செரிச்சல் குடுக்கும், அது வேற கதை.)

மேல்வயித்துல தாங்கமுடியாத வலி வந்து முதுகு வரைக்கும் பாய்ஞ்சா, கூட வாந்தியும் வந்தா, சீரகத்தண்ணி போட்டுக்கிட்டு உக்காராம நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க, ரத்தத்துல லைபேஸ், அமைலேஸ்ங்கிற கணைய நொதிகளோட அளவப் பாப்பாங்க. டவுட்டு இருந்தா அமெரிக்க அரசோட சர்க்கரை, செரிமான, சிறுநீரக நோய்களுக்கான ஆய்வு நிறுவனமான என்ஐடிடிகே (NIDDK) வெப்சைட்ல இதுக்கான காரணங்கள் போட்டிருக்கு, இல்ல உங்க டாக்டர்கிட்டயே கேளுங்க. ஆச்சிமாரே, அண்ணன்மாரே, அந்த மெசேஜ இனி யாருக்கும் ஃபார்வர்டு பண்ணாதீங்க, அனுப்புனவங்களுக்கு வேணா இத அனுப்புங்க.