ஃபார்மேட் அடிக்க அவசரப்படாதீர்கள்

"உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்கள் உள்ளன" என்று திரையின் வலது மூலையில் ஒரு பெட்டி எட்டிப் பார்த்ததும், நம்மில் பலர் செய்வது கம்ப்யூட்டர் தெரிந்த யாருக்காவது போன் போடுவதுதான். அவரும் யோசிக்காமல் "ஃபார்மேட் பண்ணிடு" என்பார். இருப்பதை எல்லாம் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடும் இந்த ஃபார்மேட் வைத்தியத்தின் மேல் எனக்குத் தீராத கடுப்பு.

அடுத்த முறை அந்தப் பெட்டியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சிவப்பு முக்கோணம், பிரபல ஆன்டிவைரஸ் லோகோ எல்லாம் பெரிதாக இருக்கும். ஓரத்தில் பொடி எழுத்தில் பிரவுசரின் பெயரும் வாயில் நுழையாத ஒரு வெப்சைட் முகவரியும் இருக்கும். குட்டு அங்கேதான் உடைகிறது. நீங்கள் போட்டிருக்கும் ஆன்டிவைரஸ் பேசினால் தன் பெயரில் பேசும், எவனோ ஒருவனின் சைட் பெயரில் பேசாது.

இது எப்படி வந்தது? ஓசியில் படம் பார்க்கும் சைட் மாதிரி எங்கேயோ, "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலோ (Allow) பட்டனை அழுத்துங்கள்" என்றிருக்கும். அழுத்தியதும் அந்த சைட்டுக்கு நோட்டிபிகேஷன் அனுப்ப அனுமதி கிடைத்துவிட்டது. டேபை மூடினாலும் வரும், ரீஸ்டார்ட் செய்தாலும் வரும். ஸ்கேன் செய்தால் பெரும்பாலும் எதுவும் சிக்காது, சிக்குவதற்கு அங்கே ஃபைலே இல்லையே! பிரவுசர் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், அதில் நோட்டிபிகேஷன்ஸ். தெரியாத முகவரிகளை எல்லாம் நீக்குங்கள். அப்படியே எந்த சைட்டும் இனி கேட்கவே கூடாது என்றும் வைத்துவிடுங்கள். மெயில், சாட் என்று ஒன்றிரண்டை விட்டுவைத்தால் போதும்.

"கண்டதை ஏன் கிளிக் பண்றீங்க?" என்று வீட்டுப் பெரியவர்களிடம் எரிந்து விழுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த அலோ பெட்டியைக் கொண்டுவந்து நீட்டியது பிரவுசர். இந்தத் தொல்லை தெரிந்துதான் 2020-லேயே குரோம் அதை அடக்கி வாசிக்கும் வசதியைக் கொண்டுவந்தது. அந்த அலோ பெட்டியை ஏன் எல்லோருக்கும் எடுத்த எடுப்பிலேயே மூடித் தரக்கூடாது?

இன்னொரு வகை, திரை முழுக்க அடைத்துக்கொண்டு சைரன் அலறும், "உடனே இந்த நம்பருக்கு அழையுங்கள்" என்னும். அதுவும் வெறும் வெப் பேஜ்தான். எஸ்கேப் கீயை அழுத்திப் பிடியுங்கள். மசியாவிட்டால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை ரீஸ்டோர் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லவும். தங்கள் எச்சரிக்கைகளில் போன் நம்பரே இருக்காது என்று மைக்ரோசாஃப்ட் பலமுறை சொல்லிவிட்டது.

அந்த நம்பருக்குப் போன் செய்தவர்களிடம் நடக்கும் நாடகம் தனி. எதிர்முனையில் இருப்பவர்கள், கம்ப்யூட்டரில் நடப்பதைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவர் என்ற விண்டோஸ் பகுதியைத் திறக்கச் சொல்வார்கள். வரிசையாகச் சிவப்பும் மஞ்சளுமாகக் குறிகள். "பாருங்கள், எல்லாம் வைரஸ்!" நன்றாக ஓடும் கம்ப்யூட்டரிலும் அந்தக் குறிகள் இருக்கும், ஏதோ ஒரு புரோகிராம் தாமதமாகத் தொடங்கினாலும் அங்கே ஒரு வரி விழும். பயந்தவருக்கு அது தெரியாது. அடுத்து, தூரத்திலிருந்தே உங்கள் கம்ப்யூட்டரை இயக்க உதவும் ரிமோட் சாஃப்ட்வேர், அதற்கடுத்து பணம். ஏற்கெனவே உள்ளே விட்டிருந்தால் முதலில் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள், உடனே வங்கிக்குச் சொல்லுங்கள், வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள்.

இது புதுத் தொழிலும் இல்லை. போலி ஸ்கேன் காட்டி 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சாஃப்ட்வேர் விற்ற கூட்டத்தின் மீது அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி 2008-ல் வழக்குப் போட்டது. 2012-ல் 16.3 கோடி டாலர் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது.

சரி, நேர்மையான ஆன்டிவைரஸ் கம்பெனிகள் மட்டும் என்ன செய்கின்றன? சந்தா முடிந்த மறுநாளே சிவப்பு எழுத்தில் "நீங்கள் ஆபத்தில் இருக்கிறீர்கள்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அசலே இப்படி மிரட்டினால் போலியை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? விண்டோஸ் 8 தொடங்கி மைக்ரோசாஃப்டின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் கூடவே வருகிறது. சந்தா முடிந்த ஆன்டிவைரஸைத் தூக்கிவிட்டால் அது தானாகவே வேலையை எடுத்துக்கொள்ளும்.