அன்னத்தைத் தாண்டியும் ஆயர் ஹியூ

12-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லிங்கன் நகர ஆயராக இருந்த புனித ஹியூவைப் பற்றிய உங்கள் கட்டுரைக்கு நன்றி. ஆனால் அவரோடு நட்பாகப் பழகிய ஓர் அன்னப்பறவையின் கதைக்கே அதில் பாதி இடம் போய்விட்டது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, ஆயராகும் முன்பு இங்கிலாந்தின் வித்தம் என்ற ஊரின் மடத்தில் அவர் செய்தது.

தன் வீரர்கள் பேராயர் தாமஸ் பெக்கெட்டைக் கொன்றதற்குப் பரிகாரமாக, இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி மன்னர் அங்கே கார்த்தூசியர் என்ற கடுந்தவத் துறவிகளுக்கு மடம் கட்டினார். அதற்காக, அங்கே குடியிருந்த ஏழைகளைக் கிளப்ப வேண்டியிருந்தது. பிரான்சிலிருந்து மடத்தலைவராக வந்த ஹியூ, கடைசிக் குடியானவருக்கும் இழப்பீடு போய்ச் சேராமல் பொறுப்பேற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். குடிசைகளுக்கும் மன்னரிடம் விலை வாங்கிக் கொடுத்தார். அப்புறம், பிரித்த மரத்தையும் அந்த ஜனங்களே எடுத்துக்கொள்ளட்டும் என்று கேட்டு வாங்கிக் கொடுத்தார். வீட்டை இழந்தவன் கையில் அந்த உத்தரமும் கழியும் எவ்வளவு பெரிய சொத்து!

1186-இல் ஆயரான பிறகும் அவர் மாறவில்லை. வெளிநாட்டுப் போருக்கு வீரர்களைத் தரமுடியாது என்று அவர் சொன்னதும், ஹென்றிக்குப் பின் வந்த ரிச்சர்ட் மன்னருக்குக் கடுங்கோபம். 1198-இல் நார்மண்டியில் கோயிலுக்குள் அவரைப் பார்த்தபோது மன்னர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஹியூ விடவில்லை, மேலாடையைப் பிடித்து உலுக்கி, "எனக்கு முத்தம் கொடுங்கள்" என்று சமாதான முத்தம் கேட்டார். மன்னர் சிரித்துவிட்டார், முத்தமும் கொடுத்தார்.

இன்னொன்றும் சேர்த்திருக்கலாம். யூதர்களைத் தாக்க வந்த கும்பல்களை நேருக்கு நேர் நின்று எதிர்த்தவர் இவர். 1200-இல் இவருடைய இறுதி ஊர்வலத்தில் லிங்கன் யூதர்களும் அழுதார்கள்.