ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கழிப்பறை

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலே கால் மணி. நான்கு வயது மகளை இரண்டு கார்களுக்கு நடுவில் உட்காரவைத்து, துப்பட்டாவை விரித்து மறைத்துக்கொண்டு நின்றேன். கழிப்பறை இருபதடி தள்ளித்தான் இருந்தது, ஆனால் பூட்டிக் கிடந்தது. சாவி எங்கே என்று கேட்டதற்கு, "வச்சிருக்கறவரு டீ குடிக்கப் போயிருக்காரும்மா, அரை மணியில வந்துடுவாரு" என்றார் அங்கே இருந்தவர். உச்சா வருது என்று குதித்துக்கொண்டிருக்கும் குழந்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "யாராச்சும் பாக்குறாங்களாம்மா? யாராச்சும் பாக்குறாங்களாம்மா?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். வெளியில் உட்காரக் கூடாது, உடம்பை யாருக்கும் காட்டக் கூடாது என்று போன மாதம்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வீட்டிலும் அதையேதான் சொல்கிறோம். சொல்லிக்கொடுத்த நானே அவளை உட்காரவைத்தேன்.

ஒரு வாரமாக எனக்கு ஆறவில்லை.

நாங்கள் ஆதம்பாக்கத்தில் இருக்கிறோம். மகளுக்கு நான்கு, மகனுக்கு ஒன்றரை. கணவருக்குச் சனிக்கிழமையும் வேலை உண்டு. ஆக, நான்கு பேரும் சேர்ந்து வெளியில் போவதற்கு வாரத்தில் ஞாயிறு ஒன்றுதான். அந்த ஒரு நாளுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரியே உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பிக்கிறேன். பதினொரு மணிக்கு மேல் நாலு மணி வரை சென்னை வெயிலில் குழந்தைகளை வெளியில் நிறுத்த முடியாது. சின்னவன் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை தூங்கியே ஆக வேண்டும், இல்லையென்றால் ராத்திரி வீடே தூங்காது. மறுநாள் பள்ளிக்கூடம் என்பதால் ஏழரைக்குள் வீடு திரும்ப வேண்டும். இத்தனையும் கழித்தால் காலையில் இரண்டரை மணி நேரமும் சாயங்காலத்தில் மூன்றரை மணி நேரமும் மிஞ்சும். அதற்குள் போக, வர, சாப்பிட, விளையாட.

அந்த நேரத்துக்குள் அடங்கும் இடத்தைத் தேட ஆரம்பித்தால்தான் தெரியும் இந்த ஊரின் லட்சணம். எழும்பூர் அருங்காட்சியகம் திறக்கும்போது மணி ஒன்பதரை. 1851இல் தொடங்கிய இடம், உள்ளே திமிங்கலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது, சிறுவர்களுக்கென்றே தனிப் பிரிவும் இருக்கிறது, என் மகள் திமிங்கலத்தை விட்டு நகரவே மாட்டேன் என்பாள். ஆனால் சின்னவனுக்கு அங்கே ஓட இடமில்லை. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போனால் அறுநூறு ஹெக்டேர்; ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் நடப்பது? ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நுழைவதற்குள்ளேயே காலை நேரம் முடிந்துவிடுகிறது. கிண்டி சிறுவர் பூங்காவை 2024இல் புதுப்பித்துத் திறந்தார்கள். மான் பார்க்கலாம், மரநிழல் இருக்கிறது, இரண்டு குழந்தைகளுக்கும் பிடிக்கும். அதனால் இந்தப் பக்கத்தில் இருக்கிற எல்லாக் குடும்பங்களும் அங்கேதான் வருகிறார்கள். ஒரு கோடி பேர் வாழ்கிற நகரத்தில் சின்னக் குழந்தைகளை மனதில் வைத்து அமைத்த இடங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம் என்றால், அத்தனை பேரும் அங்கேதானே போய் நிற்பார்கள்?

தெருமுனையில் இருக்கிற சின்னப் பூங்கா போதுமே என்று நினைத்தேன். காலையில் நடைப்பயிற்சிக்காரர்கள் போனதும் பூட்டிவிடுகிறார்கள். சாயங்காலம் திறந்தால் ஊஞ்சலில் ஒரு சங்கிலி அறுந்து தொங்குகிறது, சறுக்குமரத்தின் தகரம் ஓரத்தில் பெயர்ந்து நிற்கிறது. மூன்று மாதமாக அப்படியேதான். அந்தத் தகரத்தில் ஒரு பையனின் தொடை கிழிந்து ரத்தம் வந்ததை என் கண்ணால் பார்த்தேன். அப்புறமும் யாரும் அதைத் தட்டிச் சரிசெய்யவில்லை. ஒரு சுத்தியலும் பத்து நிமிடமும் போதும்.

இப்போதெல்லாம் நான் மெட்ரோ வரைபடத்தை வைத்துத்தான் திட்டம் போடுகிறேன். ஏனென்றால் மெட்ரோ நிலையத்தில் கழிப்பறை இருக்கிறது, லிப்ட் இருக்கிறது. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் அவ்வளவுதான். எழும்பூரில் இறங்கிப் பாந்தியன் சாலை வரை ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு போய்ப் பாருங்கள். நடைபாதை அரையடி உயரத்தில் தொடங்கும், பத்தடியில் முடியும். நடுவில் மின்பெட்டி, அதைத் தாண்டினால் பைக்குகள், அதைத் தாண்டினால் உடைந்த சிலாப். ஸ்ட்ரோலரைத் தூக்குவதா, குழந்தையைத் தூக்குவதா, மகளின் கையைப் பிடிப்பதா? கடைசியில் நால்வரும் சாலையில் இறங்கி நடக்கிறோம், பின்னாலிருந்து பேருந்து ஹாரன் அடிக்கிறது. மகன் அலறுகிறான். ஐயாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய ஸ்ட்ரோலர் இப்போது பரணில் இருக்கிறது.

இந்த நகரத்துக்கென்று 2014இலேயே, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கை வந்துவிட்டது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் அறுபது சதவீதத்தையாவது அதற்கே செலவிட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. 2019 நவம்பரில் தி.நகர் பாண்டிபஜாரில் அகலமான நடைபாதை திறந்தார்கள், போய்ப் பார்த்தேன், குழந்தை ஓடினால் பயமில்லாமல் பின்னால் நடக்க முடிகிறது. அப்படியென்றால் செய்யத் தெரியாமல் இல்லை. தி.நகரில் ஒரு சாலைக்குச் செய்ய முடிந்தது, குழந்தைகள் வருகிற பூங்காவையும் அருங்காட்சியகத்தையும் சுற்றி அரை கிலோமீட்டருக்குச் செய்ய முடியாதா?

எங்கும் முடியாது என்று களைத்துப்போய்த்தான் நானும் மாலுக்குப் போனேன். குளிர்சாதனம் உண்டு, சுத்தமான கழிப்பறை உண்டு, ஸ்ட்ரோலர் ஓடும். உள்ளே விளையாட்டு இடத்தில் ஒரு குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்கு எழுநூறு ரூபாய். வார நாளில் ஐந்நூறாம், சனி ஞாயிறு என்றால் எழுநூறாம். துணைக்குப் போகும் பெரியவருக்கு நூற்றைம்பது. சாக்ஸ் கட்டாயம், வீட்டிலிருந்து போட்டுவந்த சாக்ஸ் ஆகாது, அவர்களிடம்தான் அறுபது ரூபாய்க்கு வாங்க வேண்டும். சின்னவன் இருபது நிமிடத்தில் அழுது வெளியே வந்துவிட்டான், அதற்கும் முழுப் பணம். பார்க்கிங், சாப்பாடு எல்லாம் சேர்த்து அன்றைக்கு மூவாயிரத்தைத் தாண்டியது. மாதத்தில் நான்கு ஞாயிறு வருகிறது. வீட்டு வாடகை கட்டுகிற குடும்பம் நாங்கள், எங்கே போவோம்? எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கும் இரண்டு பிள்ளைகள். ஒருநாள் கேட்டேன், ஞாயிற்றுக்கிழமை எங்கே கூட்டிட்டுப் போவீங்க என்று. "எங்கம்மா போறது, மாடியிலயே வெளாடும்ங்க" என்றார். மொட்டை மாடிக்குக் கைப்பிடிச்சுவர் முட்டி உயரம்தான்.

அந்த மாலில் இன்னொன்று. குழந்தைக்கு டயாபர் மாற்றும் மேசை பெண்கள் கழிப்பறைக்குள்தான் இருக்கிறது. என் கணவர் மாற்றத் தயார், வீட்டில் பாதி நேரம் அவர்தான் மாற்றுகிறார். வெளியில் வந்தால் அவரால் முடியாது. அப்பாக்கள் குழந்தையைக் கழுவவே மாட்டார்கள் என்று அந்தக் கட்டடத்தைக் கட்டியவர்களே முடிவு செய்துவிட்டார்கள். அதைவிடக் கஷ்டம், மகளை அவர் மட்டும் கூட்டிப்போகும் நாளில். ஆண்கள் கழிப்பறைக்குள் அழைத்துப்போவதா, பெண்கள் பக்கம் தனியாக அனுப்புவதா? வாசலில் நின்று தெரியாத ஒரு பெண்ணிடம் கெஞ்சியிருக்கிறார், "மேடம், கொஞ்சம் பாத்துக்கறீங்களா" என்று. குடும்பத்தோடு போக ஒரு தனி அறை கட்ட எவ்வளவு இடம் வேண்டும்?

சின்னவன் இன்னும் பால் குடிக்கிறான். 2015இல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். நல்ல காரியம், மூத்தவளுக்கு ஊருக்குப் போகும்போது அதில் உட்கார்ந்து பால் கொடுத்திருக்கிறேன். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் பொது இடங்களில் இந்த அறைகள் வேண்டும் என்று மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறது. ஆனால் குழந்தையோடு போகிற கடற்கரையில், பூங்காவில், கோயில் வாசலில் எங்கே இருக்கிறது? முதுகைத் திருப்பிக்கொண்டு, கணவரை முன்னால் நிறுத்திக்கொண்டு, வியர்த்துக் கொட்ட ஐந்து நிமிடம். பிள்ளை வயிறு நிறையும் முன்பே எடுத்துவிடுகிறேன்.

"புள்ளைங்கள ஏம்மா இந்த வெயில்ல இழுத்துக்கிட்டு அலையற, வீட்லயே இருக்கட்டுமே" என்கிறார் மாமியார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அத்தை வளர்ந்தது மாயவரத்துப் பக்கம், வாசலில் இறங்கினாலே விளையாட்டுதான் அவருக்கு. எங்கள் வாசலில் இறங்கினால் தண்ணீர் லாரி. ஆபீஸில் ஒருவர், "போனைக் குடுத்துடுங்க, சத்தமே வராது" என்கிறார். ஐந்து நாள் பள்ளிக்கூடத்திலும் இரண்டரை அறை வீட்டிலும் அடைத்துவைத்த பிள்ளையை ஆறாவது ஏழாவது நாள் போனுக்குள் அடைக்கவா? அவள் ஓட வேண்டும். கத்த வேண்டும். மண்ணில் கையை விட வேண்டும். இதைக் கேட்பது ஆடம்பரம் என்பதுபோல் பேசினால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடலுக்குப் பக்கத்தில் போக மரப்பாதை போட்டார்கள், 2022 நவம்பரில். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பிய்த்துப்போட்டது, திரும்பவும் சரிசெய்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பெரியவர் அலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவருக்காக யாரோ யோசித்திருக்கிறார்கள். கட்டியிருக்கிறார்கள். உடைந்ததும் மறுபடி கட்டியிருக்கிறார்கள். நாங்கள் கேட்பது அதே மாதிரி யோசனைதான். திறந்திருக்கிற ஒரு கழிப்பறை, உள்ளே தண்ணீர், குழந்தையின் உயரத்தில் ஒரு குழாய், வெளியில் நிழலில் ஒரு பெஞ்சு.

நேற்றுச் சாயங்காலம் கடைக்குப் போகலாம் என்று கிளம்பினோம். பக்கத்துத் தெருதான். புறப்படும் முன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மகளிடம் நீட்டினேன், நல்ல வெக்கை, உதடு காய்ந்திருந்தது. அவள் பாட்டிலைத் தள்ளிவிட்டாள். "வெளிய போறோம்லம்மா, வேண்டாம்" என்றாள். ஒரு பெண் வாழ்நாள் முழுக்கச் செய்வதை நான்கு வயதில் கற்றுக்கொண்டுவிட்டாள். என் அம்மா கல்யாணங்களுக்குப் போகும்போது காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டார், அலுவலகத்தில் நான் குடிப்பதில்லை, பஸ்ஸில் ஊருக்குப் போனால் நாங்கள் இருவருமே குடிப்பதில்லை. கடைக்குப் போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு அவளை மடியில் உட்காரவைத்து ஒரு டம்ளர் தண்ணீரைக் குடிக்கவைத்தேன்.