அடித்தவன்தான் எடுக்க வேண்டும்

சனிக்கிழமை இரவு மாமாக் சாப்பாட்டுக் கடை டிவியில் கால்பந்து பார்த்துப் பட்ட வேதனையைச் சொல்லாமல் தூக்கம் வராது. எங்கள் குழு எது என்று எழுத மாட்டேன், எழுதினால் கீழே அடிதடி ஆரம்பித்துவிடும். இங்கிலீஷ் லீக்கில் ஆடும் குழு, அதற்காக மலேசியாவில் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் பல பேர் கண் விழிக்கிறோம். அது போதும்.

எதிரணி பத்துப் பேரையும் கோலுக்கு முன்னால் அடைத்து நிறுத்திவிட்டது. உள்ளே புக வழியில்லை. உடனே நம்மவர்கள் ஆளுக்கு ஒன்றாகத் தூரத்திலிருந்து அடிக்க ஆரம்பித்தார்கள். நான் எண்ணியவரை ஒன்பது. ஒன்றுகூடக் கோல் காவலருக்கு வேலை வைக்கவில்லை. ஏழாவது பந்து ரசிகர்கள் மடியில் போய் விழுந்ததும், பக்கத்து மேசை அண்ணன் தே தாரிக் டீயைத் தள்ளி வைத்துவிட்டு, "இவனெல்லாம் லோரி ஓட்டத்தான் லாயக்கு" என்றார். அண்ணனே லோரி ஓட்டுகிறவர்தான்.

ஆனால் பந்து காலுக்கு வந்தபோது "அடி! அடி!" என்று கத்தியதும் அதே அண்ணன்தான். சரி, நானும்தான்.

தூரத்திலிருந்து அடிப்பதே வேஸ்ட் என்கிறார்கள் சில தம்பிகள். கோலுக்கு முன்னால் கோடு போட்ட பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து நூறு அடித்தால் மூன்றோ நான்கோதான் உள்ளே போகும், அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். ஆனால் ஒருத்தனாவது ஒழுங்காக அடிப்பான் என்ற பயம் இருந்தால்தானே தடுப்பாட்டக்காரன் இடத்தை விட்டு முன்னால் வருவான்? 2019 மே மாதம் லெஸ்டரிடம் மான்செஸ்டர் சிட்டி இப்படித்தான் முட்டிக்கொண்டு நின்றது. சிட்டியின் கேப்டன் கொம்பனி பந்தோடு வந்தபோது அவருடைய ஆட்களே "அடிக்காதே" என்று கத்தினார்கள். அடித்தார், மேல் மூலையில் போய்ச் செருகியது. 1-0. அந்த ஆண்டு லிவர்பூலை ஒரே ஒரு புள்ளியில் முந்தித்தான் சிட்டி கோப்பையை எடுத்தது.

அவ்வளவு தூரம் எதற்கு, நம்ம மலேசிய ஆட்டக்காரர் ஃபைஸ் சுப்ரி இல்லையா? 2016 பிப்ரவரியில் பகாங்குக்கு எதிராகப் பினாங்குக்காக அடித்த அந்த ஃப்ரீ கிக். பந்து ஒரு பக்கம் போவது போல் போக்குக் காட்டி மறுபக்கம் வளைந்தது. உலகத்தின் சிறந்த கோலுக்கான புஷ்காஷ் விருது மலேசியாவுக்கு வந்தது அந்த ஒரு உதையால்தான்.

நாங்கள் ஆடிய தோட்டத்துத் திடலை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு கோலுக்குப் பின்னால் லோங்காங் (சாக்கடைக் கால்வாய்), இன்னொன்றுக்குப் பின்னால் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடு. மொத்தத் தோட்டத்துக்கும் ஒரே பந்து, அதுவும் தையல் பிரிந்தது. சட்டம் ஒன்றுதான்: அடித்தவன்தான் எடுக்க வேண்டும். பந்து மேலே பறந்தால், வெட்டிப் போட்ட மட்டைக் குவியலுக்குள் வெறுங்காலோடு போக வேண்டும். முள் ஒரு பக்கம், பாம்பு பயம் இன்னொரு பக்கம். திரும்பி வருவதற்குள் பத்துப் பேரும் பேர் சொல்லித் திட்டி முடித்திருப்பார்கள். அதனால் அடிப்பதற்கு முன் தலை தானாகக் குனியும், உடம்பு பந்துக்கு மேலே வரும். பின்னால் சாய்ந்தால் பந்து காட்டுக்குத்தான் போகும் என்பதை எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பயிற்சியாளர் யாரும் வரவில்லை, முள்தான் சொல்லிக்கொடுத்தது.

சனிக்கிழமை அந்த ஒன்பதையும் திரும்பப் போட்டுப் பாருங்கள். அத்தனையிலும் உடம்பு பின்னால் சாய்ந்திருக்கிறது, ஊன்றுகால் பந்துக்கு ஒரு முழம் பின்னால் இருக்கிறது. அடித்ததற்காக எனக்குக் கோபமில்லை. வாரச் சம்பளத்தில் எங்கள் தோட்டத்தையே வாங்கக்கூடிய ஆட்கள், பழகாமல் வந்து அடிக்கிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். பந்து வெளியே போன மறு நொடி புதுப் பந்து ஆட்டத்துக்கு வந்துவிடுகிறது. அப்புறம் எப்படி உறைக்கும்?

வரும் சனிக்கிழமையும் அதே மேசைதான். அண்ணனோடு ஒரு பந்தயம் போட்டிருக்கிறேன்: கம்பத்துக்கு மேலே போகும் ஒவ்வொரு பந்துக்கும், "அடி" என்று கத்தியவன் ஒரு ரொட்டி சானாய் வாங்கித் தர வேண்டும். காசு எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.