நித்தியகல்யாணி வேரைக் குடிக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நம் சொந்தக்காரர்கள் குரூப்பில் சுற்றுகிற அந்த வீடியோவைப் பற்றித்தான் எழுதுகிறேன். நித்தியகல்யாணி வேரைக் காய்ச்சிக் குடித்தால் மூளைக்கு ரத்தம் பாயுமாம், பக்கவாதமே வராதாம். தயவுசெய்து குடிக்காதீர்கள்.

வீடியோவில் அந்த ஆள் சொல்கிற மருந்து வின்போசெட்டின். அது வேறு செடியிலிருந்து வந்தது. ஐரோப்பாவில் தரையோடு படர்ந்து நீலமாகப் பூக்கிற வின்கா மைனர் செடியின் வின்கமைனை எடுத்து, ஹங்கேரிக்காரர்கள் ஆய்வகத்தில் மாற்றிச் செய்தது. 1978-லிருந்து கேவின்டன் என்று விற்கிறார்கள். மூளையின் ரத்தக்குழாயை விரிக்கும், சரி. ஆனால் பக்கவாதத்தைக் குணமாக்கும் என்று ஆய்வுகளில் இன்னும் உறுதியாகவில்லை. கருச்சிதைவு ஆகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-ல் எச்சரித்தும் இருக்கிறது.

நம் வாசலில் பூக்கிற நித்தியகல்யாணி மடகாஸ்கர் செடி. அதன் இலையிலிருந்து எடுப்பது வின்கிறிஸ்டைன், வின்பிளாஸ்டைன். இரண்டும் புற்றுநோய் மருந்து. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைக்கு டாக்டர் அளவு பார்த்துப் பார்த்து நரம்பில் ஏற்றுகிற மருந்து தருகிற செடி அது, அதன் வேரை நீங்கள் ஒரு கைப்பிடி அள்ளிச் சட்டியில் போட்டுக் கொதிக்க வைக்கிறீர்கள். என்னென்ன, எவ்வளவு இறங்கும் என்று யாருக்குத் தெரியும்?

"இயற்கைதானே, என்ன செய்யும்" என்பீர்கள். அரளியும் இயற்கைதான், இதே குடும்பம்தான். அரளிக்கொட்டை என்ன செய்யும் என்று நம் பக்கம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்த வைத்தியத்தைக் கேவலப்படுத்துகிறேனாம். காய்ச்சல் வந்தால் நானும் நிலவேம்புதான் குடிக்கிறேன். முறையாகப் படித்த சித்த வைத்தியர் நாடி பார்க்காமல் ஊருக்கெல்லாம் ஒரே கசாயம் சொல்ல மாட்டார்.

என் அம்மாவின் அப்பா, அப்புச்சிக்கு வாதம் வந்த அன்று, சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து அரிவாள் நழுவியது. வாய் கோணி, பேச்சு குழறியது. தைலம் தேய்த்து, கசாயம் ஊற்றி, பொழுது சாய்ந்த பிறகுதான் ஈரோட்டுக்குக் கொண்டுபோனார்கள். அடைப்பைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், "நேரம் தாண்டிடுச்சுங்க" என்றார் டாக்டர். அப்புறம் கடைசிவரை அந்த வலது கை மடியில்தான் கிடந்தது, அம்முச்சிதான் சோறு பிசைந்து ஊட்டியது.

இதைச் சொன்னதற்குத்தான் குரூப்பில் "படிச்ச திமிர்" என்று எழுதினீர்கள் மாமா. என்னைத் தூக்கி வளர்த்த நீங்கள். அப்புச்சி உங்களுக்கு அப்பாதானுங்களே? வலிக்கிறதுங்க. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், ஆனால் அத்தைக்குப் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு இந்தக் கசாயம் கொடுப்பதாகப் போட்டிருக்கிறீர்களே, அதை இன்றைக்கே நிறுத்துங்கள். வாய் கோணினாலோ கை விழுந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். காயப்போட்ட வேரைக் குப்பைக்குழியில் கொட்டுங்கள், ஆடு மாடு வாய் வைக்காத இடமாகப் பார்த்து.