தண்ணீர்க் கட்டணத்தை மேயர் தனியே முடிவு செய்வதில்லை
டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதித் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸப் குழுக்களில், "மேயர் இரவோடு இரவாகக் கையெழுத்திட்டுத் தண்ணீர்க் கட்டணத்தை உயர்த்திவிட்டார், அது செல்லாது, யாரும் கட்ட வேண்டாம்" என்றொரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

தென்னாப்பிரிக்காவின் 2003ஆம் ஆண்டு நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டப்படி, ஜூலை 1 அன்று தொடங்கும் நிதியாண்டுக்குக் குறைந்தது 90 நாட்கள் முன்னரே, உத்தேசக் கட்டணங்களோடு கூடிய வரைவு பட்ஜெட்டை மாநகராட்சி மன்றத்தில் வைத்து, பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு, அதன் பின்னரே மன்ற உறுப்பினர்கள் வாக்களித்து நிறைவேற்ற வேண்டும். மின்கட்டணத்துக்கு நெர்சா என்னும் தேசிய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் ஒப்புதலும் தேவை.

அந்த வரைவை மாநகராட்சி அலுவலகங்களிலும் நூலகங்களிலும் இணையதளத்திலும் எவரும் பார்க்கலாம். உயர்வை எதிர்ப்பது நம் உரிமை. அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டிய காலம் மார்ச் இறுதிக்குப் பின் வரும் அந்த வாரங்களே. ஆனால் ஓய்வூதியத்தில் வாழும் ஒரு பாட்டி இச்செய்தியை நம்பிப் பில்லை மடித்து அலமாரியில் வைத்துவிட்டால், வட்டியும் இணைப்புத் துண்டிப்பும் அவர் தலையில்தான் விடியும். ஆகவே, இதைப் பகிர்வதை அருள்கூர்ந்து நிறுத்துங்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இவ்விளக்கத்தையும் இடுங்கள்.