மே முதல் நாளும் பக்கத்து வீட்டுக்காரியும்

ஏப்ரல் கடைசி ஆனால் போதும், அயர்லாந்தின் மே தின வழக்கங்கள் பற்றி அழகழகான படங்கள் வர ஆரம்பித்துவிடும். வாசற்படியில் மஞ்சள் பூ, முள்மரக் கிளையில் ரிப்பனும் முட்டை ஓடும். கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பூவை வாசலில் ஏன் போட்டார்கள் என்பதை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வீட்டு வெண்ணெயை யாராவது மந்திரத்தால் திருடிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் போட்டார்கள். மே 1 அன்று வீட்டை விட்டு நெருப்பு வெளியே போகக்கூடாது. பால், வெண்ணெய், உப்பு எதையும் இரவல் தரக்கூடாது. அடுப்புச் சாம்பலைக்கூடக் கொட்டமாட்டார்கள். தந்தால் வருஷம் முழுக்க நம் வெண்ணெய் வாங்கிப் போனவர் வீட்டில் திரளும், நமக்கு நுரைதான் மிஞ்சும் என்று நம்பினார்கள். கடைந்துகொண்டிருக்கும்போது யாராவது உள்ளே வந்தால், அவரும் கொஞ்சம் கடைந்து கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். மறுத்தால் சந்தேகம்.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் அன்றைய கணக்கைப் பார்க்கவேண்டும். மாடு வைத்திருந்த எத்தனையோ சிறு விவசாயிகள் குத்தகை கட்டியதே வெண்ணெய் விற்ற காசில்தான். 19ஆம் நூற்றாண்டில் கார்க் நகரத்து வெண்ணெய்ச் சந்தை உலகத்திலேயே பெரியவற்றில் ஒன்று. வெண்ணெய் திரளாமல் போனால் நிலம் கைவிட்டுப் போகும். கிருமி, சுத்தம், பால் இருக்கவேண்டிய சூடு பற்றியெல்லாம் தெரியாத காலத்தில் பழி ஆள்மீதுதான் விழுந்தது.

யார்மீது? பெரும்பாலும் நெருப்புக் கேட்டு வந்த ஏழைக் கிழவிமீது. மாட்டு மடியில் பால் குடித்த முயலைச் சுட்டார்களாம், பிறகு தேடிப் போனால் குடிசையில் ஒரு கிழவி காலில் காயத்தோடு கிடந்தாளாம், முயலாக வந்தவள் அவள்தானாம். இந்தக் கதை அயர்லாந்தில் பல ஊர்களில் உண்டு. எனக்கு அது மாயக்கதையாகப் படவில்லை. ஊரே சேர்ந்து ஒருத்தியை ஒதுக்கிய விதமாகத்தான் படுகிறது.

எல்லா நாள் விலக்கும் இப்படி என்று சொல்லமாட்டேன். நவம்பர் 11, புனித மார்ட்டின் நாளில் எந்தச் சக்கரமும் சுற்றக்கூடாது. ராட்டையே கதியென்று இருந்த பெண்களுக்கு அது ஒரு நாள் ஓய்வு, அதை நான் மனதார வரவேற்கிறேன். திங்கட்கிழமை புதைகுழி வெட்டக்கூடாது என்பார்கள். ஆனால் ஞாயிறன்றே ஒரு மண்கட்டியைப் புரட்டிவைத்துவிட்டால் தோஷமில்லை! வேண்டியபோது விதியை வளைக்கத் தெரிந்த மக்கள்தான்.

1937 முதல் 1939 வரை அயர்லாந்துப் பள்ளிப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இவற்றையெல்லாம் நோட்டில் எழுதினார்கள். அந்தப் பக்கங்கள் இன்று அயர்லாந்து நாட்டுப்புற வழக்கங்களின் தொகுப்பான டூகஸ் (duchas.ie) இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பூப்படம் போடுகிறவர்கள் தாராளமாகப் போடட்டும். அதோடு அந்த நோட்டுகளிலிருந்து வெண்ணெய்த் திருட்டுக் கதை ஒன்றையும் சேர்த்துப் போடுங்கள்.